கோட் எழுதப் பழக: தனியே இருப்பதா, சோடி சேர்வதா?

"அண்ணா, கோர்ஸ் முடிச்சிட்டன். வீடியோவப் பார்த்துச் செய்யேக்குள்ள எல்லாம் விளங்குது. வெறும் ஃபைலைத் திறந்தா கை ஓடுதில்ல. இன்னொரு கோர்ஸ் எடுக்கவா, இல்லாட்டி ஆரோடயாவது சேர்ந்து செய்யவா?"

இதே கேள்வி உப்புவெளியிலிருந்தும் வரும், கிண்ணியாவிலிருந்தும் வரும். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படிக்கிற பிள்ளைகளும் கேட்பார்கள். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவர்களும் கேட்பார்கள். கேட்கிற ஒருவர்கூடச் சோம்பேறி இல்லை. சிலரிடம் நாலைந்து சான்றிதழ் இருக்கிறது. இவ்வளவு படித்த பிறகும் தனக்கு ஒன்றும் தெரியாது என்ற பயம் மட்டும் போகவில்லை. அந்தப் பயத்தோடுதான் அடுத்த கோர்ஸுக்கும் காசு கட்டுகிறார்கள்.

நான் திருகோணமலையில் வீட்டிலிருந்தபடி கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்தாறு பிள்ளைகள் வந்திருந்து கோட் எழுதுவார்கள். அங்கே பார்த்ததையும், நான் பழகிய காலத்தில் பட்டதையும் வைத்து நாலு வழிகளை ஒப்பிடுகிறேன்: தனியே பழகுவது, சமமான ஒருவரோடு சோடி சேர்வது, மூத்தவர் ஒருவரோடு சோடி சேர்வது, ஏஐ உதவியாளரோடு எழுதுவது.

சோடி நிரலாக்கம் என்பதைக் கேள்விப்படாதவர்களுக்கு: ஒரு கணினி, இரண்டு பேர். ஒருவர் கையில் கீபோர்ட். மற்றவர் பக்கத்தில் இருந்து அடுத்தது என்ன, எங்கே பிழைக்கும் என்று யோசித்துச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் ஆள் மாறும். மீன்பிடிப் போட்டில் ஒருவர் பின்னால் எஞ்சினைப் பிடிக்க, இன்னொருவர் அணியத்தில் நின்று கல்லும் வலையும் பார்த்துக் கை காட்டுவதை நம் கடற்கரையில் பார்த்திருப்பீர்கள். அது போலத்தான். 1990களில் கிறைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளில் வேலை செய்த கென்ட் பெக்கும் அவருடைய குழுவும் 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' என்ற முறையை உருவாக்கினார்கள். இந்தப் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது அதோடுதான்.

## எதை வைத்து அளப்பது

வழியைத் தெரிவதற்கு முன் அளவுகோலைத் தெரிய வேண்டும். நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

மாட்டுப்பட்டால் எவ்வளவு நேரம் நிற்கிறோம்? கால் மணித்தியாலம் திண்டாடினால் மூளைக்கு நல்லது. ஒரே எரரில் இரண்டு நாள் நின்றால் ஆசையே விட்டுப்போகும்.

விரல் ஓடுகிறதா? பார்த்துக்கொண்டிருந்து நீந்தப் பழகியவர் இல்லை.

வாய் திறக்கிறோமா? ஏன் இந்த வரி, ஏன் வேறு மாதிரி இல்லை என்று இன்னொருவருக்குச் சொல்லத் தெரிகிறதா? நான் அதிக நிறை கொடுப்பது இதற்குத்தான். நேர்முகத் தேர்வில் நம் பிள்ளைகள் விழுகிற இடமும் இதுதான்.

செலவு. காசு, டேட்டா, பஸ், இவற்றோடு இன்னொருவரின் நேரம்.

மூன்று மாதம் தொடருமா? முதல் கிழமை எல்லா வழியும் இனிக்கும்.

## தனியே பழகுவது

இதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். மாறி என்றால் என்ன, லூப் எப்படி ஓடும், ஃபங்ஷன் எதற்கு என்பதெல்லாம் தனியே இருந்து விரல் நோக எழுதித்தான் உள்ளே இறங்கும். இரவு பதினொரு மணிக்கும் செய்யலாம். யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. பாடத்தை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டாச் செலவும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. வீடியோவில் பாடம் நடத்துகிறவர் தனக்கு வந்த எரர்களையும், அரை மணித்தியாலம் தலையைச் சொறிந்ததையும் வெட்டி எடுத்துவிட்டுத்தான் போடுகிறார். நீங்கள் பார்ப்பது வெட்டி ஒட்டிய பத்து நிமிடம். அதைப் பார்த்துவிட்டுச் சொந்தமாக எழுதும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு எரர் வந்தால், எனக்கு மட்டும்தான் கோட் வருதில்லை என்ற எண்ணம் வேர்விடுகிறது. பக்கத்தில் ஒருவர் இருந்து அவருக்கும் அதே எரர் வருவதைப் பார்க்கிற வரைக்கும் அது போகாது. எத்தனை கோர்ஸ் எடுத்தாலும் போகாது.

இன்னொன்று, தனியே எழுதும்போது விடிந்தால் நாமே வாசித்து விளங்காத பெயர்களை மாறிகளுக்கு வைக்கிறோம். இது என்ன என்று கேட்க ஆளில்லாததால் அதுவே கைப்பழக்கமாகிவிடும்.

முதல் ஒன்றரை, இரண்டு மாதத்துக்கும், சோதனை நெருங்கும் காலத்துக்கும், வேலை நேரம் கிழமைக்குக் கிழமை மாறுகிறவர்களுக்கும் இதுதான் பொருத்தம். சோடி சேர்ந்த பிறகும் கிழமையில் பாதி நாள் தனியே எழுதத்தான் வேண்டும்.

## சமமான ஒருவரோடு சோடி சேர்வது

என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். காரணத்தை ஒரு நாள் நடந்ததைச் சொல்லி விளக்குகிறேன்.

நிலாவெளிக் கடற்கரைக்கு ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை வெளிநாட்டாட்கள் வருகிற காலம். அது தொடங்க முன், சிறிய விருந்தினர் விடுதி ஒன்றுக்கு அறை பதிவு செய்யும் நிரலை இரண்டு பிள்ளைகள் பைதனில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி டவுன். வேகமாக எழுதுவாள். மற்றவள் நிலாவெளி. அவளுடைய அப்பா ஒரு விடுதியில் வேலை. விறாந்தைக்கு வரத் தொடங்கி ஒரு மாதமாகியும் அந்தப் பிள்ளை கேட்டால் மட்டும்தான் பேசும்.

பதினைந்தாம் தேதி ஒருவர் அறையை விட்டுப் போகிறார். அன்றைக்கே இன்னொருவர் அதே அறையைக் கேட்டால் நிரல் 'அறை இல்லை' என்றது. டவுன் பிள்ளை மூன்று தரம் வாசித்தாள். அவள் எழுதியிருந்த நிபந்தனை இதுதான்: புதியவர் வரும் நாள், பழையவர் போகும் நாளை விடச் சிறியது அல்லது சமன் என்றால் அறை இல்லை. அவளுடைய கண்ணுக்கு அது சரி. அவள் நினைத்ததைத்தான் நிரலும் செய்தது.

பக்கத்திலிருந்தவள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "அக்கா, போறவங்க காலையில பதினொரு மணிக்கெல்லாம் போயிடுவாங்க. அறையக் கழுவி வச்சா ரெண்டு மணிக்கு மற்ற ஆக்கள் வருவாங்க. அண்டைக்கு அறை இருக்குத்தானே?"

டவுன் பிள்ளை திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு அந்த 'சமன்' குறியை மட்டும் அழித்தாள். ஒரேயொரு குறி. ஓட்டிப் பார்த்தால் அறை கிடைத்தது.

அன்று மிச்ச நேரம் முழுக்க நிலாவெளிப் பிள்ளையின் குரல் கேட்டது. அடுத்த முறை வந்ததும் யாரும் சொல்லாமலே கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். "போற தேதியை வாற தேதிக்கு முதல்ல குடுத்தா என்ன நடக்கும்?" என்று அவளே கேட்டு, அவளே அதற்கும் ஒரு சோதனை எழுதினாள். பைதனில் அவளுக்குப் புதிதாக ஒன்றும் அன்று தெரிய வரவில்லை. அப்பாவின் வேலையிடத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்தது கோடில் செல்லும் என்பது தெரிய வந்தது. தன்னம்பிக்கை இப்படி வருவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். தெரியாததை இன்னொருவர் முன் தெரியாது என்று சொல்லியும் ஒன்றும் குடிமுழுகவில்லை, தெரிந்ததைச் சொன்னபோது அது பயன்பட்டது. இந்த இரண்டும் ஒரே மேசையில் நடக்க வேண்டும்.

ஆய்வுகளும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் அறிமுகப் பாடத்தில் சோடியாக எழுதிய மாணவர்கள் தங்கள் விடையில் கூடிய நம்பிக்கை வைத்ததாகவும், கணினித் துறையைத் தொடர்ந்து படித்தவர்கள் அவர்களில் கூடவென்றும் 2006 இல் வெளியிட்டார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் லோரி வில்லியம்ஸ் மாணவர்களை வைத்துப் பார்த்தபோது, சோடிகளுக்கு மொத்தமாகச் சுமார் 15 வீதம் நேரம் கூடியது, பிழைகளும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தன. ஆனால் நோர்வே, சுவீடன், பிரித்தானியாவில் தொழில் செய்யும் 295 ஜாவா நிரலாளர்களை வைத்து 2007 இல் வந்த பெரிய ஆய்வு வேறு கதை சொன்னது. வேலையைச் சரியாக முடிக்கச் சோடிகளின் மொத்த உழைப்பு 84 வீதம் கூடியது. சிக்கலான நிரலில் சரியான விடைகளின் பங்கு 48 வீதம் உயர்ந்தது, அந்த நன்மை முக்கியமாக அனுபவம் குறைந்தவர்களுக்குத்தான் கிடைத்தது.

கம்பனி முதலாளிக்கு இந்த 84 வீதம் செலவு. பழகுகிறவருக்கு அது படிப்பு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்ப வேண்டாம்.

இதன் மறைந்த செலவுகளில் முதலாவது இடம். நூலகத்தில் வாய் திறக்க முடியாது, சோடியாக எழுதுவதோ முழுக்கப் பேச்சு. ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் வீட்டில் கேள்வி வரும். கதவு திறந்த விறாந்தையோ, பெரியவர்கள் நடமாடும் ஹோலோ தேவை. கிண்ணியாவிலிருந்து வருகிற தங்கச்சி பொழுதுபட முன் பாலத்தைக் கடந்து வீடு சேர வேண்டும், அதனால் நாலரைக்கு எழும்பிவிடுவாள். நேரத்தை அதற்கேற்றபடிதான் வைக்கிறோம்.

இரண்டாவது, வேகமானவர் கீபோர்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். மற்றவர் தலையாட்டிக்கொண்டு இருப்பார், வெளியிலிருந்து பார்த்தால் சோடி போலவே தெரியும். இதற்கு நாங்கள் போனில் இருபது நிமிட அலாரம் வைக்கிறோம். அடித்ததும் வரி பாதியில் நின்றாலும் கை மாற வேண்டும். முதல் இருபது நிமிடம் குறைவாகத் தெரிந்தவருக்கு.

மூன்றாவது, இரண்டு பேருமே மாட்டுப்படுவது. இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே எரரில் நின்றால் கேள்வியைத் தாளில் எழுத வேண்டும்: என்ன செய்யப் பார்த்தோம், என்ன வந்தது, எதையெல்லாம் முயன்றோம். பாதித் தடவை எழுதி முடிக்கும்போதே விடை வந்துவிடும். வராவிட்டால் அந்தத் தாளைப் படமெடுத்து மூத்தவர் ஒருவருக்கு அனுப்பலாம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் நேர்முகத் தேர்வு இங்கிலிஷில்தான் நடக்கும் என்பதால் சில பிள்ளைகள் சோடி இருக்கும்போதும் இங்கிலிஷில் பேசப் பார்க்கிறார்கள். யோசனை அப்படியே நின்றுவிடுகிறது. தமிழில் யோசித்து, தமிழில் சண்டை பிடித்து, தமிழில் முடியுங்கள். கடைசிப் பத்து நிமிடம் மட்டும், இன்றைக்கு எழுதியதை ஒருவருக்கொருவர் இங்கிலிஷில் விளக்குங்கள். விஷயம் ஏற்கனவே விளங்கியிருப்பதால் சொல் தேடுவது மட்டும்தான் பாக்கி.

## மூத்தவர் ஒருவரோடு சோடி சேர்வது

கேட்க மிகச் சிறந்ததாகத் தெரியும் வழி. சரியாக அமைந்தால் உண்மையிலும் சிறந்ததுதான். பிழையாக அமைந்தால் நாலிலும் மோசமானது இதுதான், அதை நானே அனுபவித்தேன்.

கொழும்பில் என் முதல் வேலையில் ஒரு சீனியருக்குப் பக்கத்தில் என்னை இருத்தினார்கள். மனிதர் கெட்டிக்காரர், கெட்டவருமில்லை. ஆனால் நான் இரண்டு வரி எழுத முதல் கீபோர்ட் அவர் பக்கம் போய்விடும். விரல் பறக்கும், ஜன்னல்கள் மாறும், வேலை முடியும். பிறகு இங்கிலிஷில் கேட்பார், விளங்கியதா என்று. நான் ஓம் என்பேன். மூன்று மாதம் அந்த ஓம் போட்டேன். ஒவ்வொரு ஓமுக்கும் பிறகு, விளங்கவில்லை என்று சொல்வது இன்னும் கொஞ்சம் கஷ்டமாகியது. இரவில் அறைக்கு வந்து அதே வேலையைத் தனியே செய்து பார்ப்பேன், வராது.

பிறகு வேறிடத்தில் வாய்த்த அக்கா ஒருவர் முதல் நாளே கீபோர்டை என் பக்கம் தள்ளிவிட்டார். "நான் இதைத் தொடமாட்டன். எனக்கு ஏதாவது தோணினா உங்களுக்குச் சொல்லுவன். விளங்கினா மட்டும் எழுதுங்க." இந்தத் துறையில் இதை 'ஸ்ட்ரோங் ஸ்டைல்' என்பார்கள்: ஒருவர் தலையில் உள்ள யோசனை கணினிக்குப் போக வேண்டுமென்றால் மற்றவரின் கை வழியாகத்தான் போக வேண்டும். விளங்காமல் எழுத முடியாது, ஆகவே ஓம் போட்டுத் தப்ப முடியாது. ஒரு கிழமையிலேயே நான் "இல்லக்கா, இது விளங்கல்ல" என்று சொல்லப் பழகினேன்.

ஆகவே மூத்தவரைத் தேடுகிறவர்கள் அவருடைய அனுபவத்தைப் பார்க்க முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: "கீபோர்ட் என்னட்ட இருக்கலாமா அண்ணா?" மறுக்கமாட்டார்கள். கேட்டுவைத்தால், இடையில் கை நீளும்போது நினைவுபடுத்தவும் உரிமை இருக்கும்.

செலவு என்று பார்த்தால், காசு கேட்கமாட்டார்கள், ஆனால் நேரம் அரிது. இங்கே பழகி முன்னேறியவர்களில் பலர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். கொழும்பு ரோட்டால் சுமார் 260 கிலோமீற்றர், எனவே ஒன்லைன்தான். வீடியோவைப் போட்டால் டேட்டா ஓடும். கோட் எழுதும் மென்பொருளான விஎஸ் கோடில் லைவ் ஷெயார் என்ற வசதி இருக்கிறது, அதில் இருவரும் ஒரே ஃபைலில் எழுதலாம். திரையைப் படமாக அனுப்பாமல் எழுத்தை மட்டும் அனுப்புவதால் இணைப்பு மெலிந்த வீட்டிலும் ஓடும். குரலுக்குப் போன் அழைப்பு போதும்.

இன்னொரு செலவு, சார்ந்திருத்தல். கிழமைக்கு மூன்று நாள் மூத்தவர் பக்கத்தில் இருந்தால் அவர் இல்லாத நாள் கை ஓடாது. மாதத்துக்கு இரண்டு தரம், ஒவ்வொன்றும் முக்கால் மணித்தியாலம், தயார் செய்த ஒரு கேள்வியோடு. அதற்கு மேல் வேண்டாம்.

புதிதாக வேலையில் சேர்ந்து பிறர் எழுதிய பெரிய கோடுக்குள் இறங்க வேண்டியவர்களுக்கும், நேர்முகத் தேர்வுக்கு இரண்டு கிழமை இருக்கிறவர்களுக்கும் இந்த வழியே முதலிடம்.

## ஏஐ உதவியாளரோடு எழுதுவது

2021 இல் கிட்ஹப் கோபைலட் வந்தபோது அதற்குக் கொடுத்த அறிமுகமே 'ஏஐ சோடி நிரலாளர்' என்பதுதான். இரவு இரண்டு மணிக்கும் விடை சொல்லும். நூறு தரம் கேட்டாலும் சலிக்காது. எரர் செய்தியைத் தமிழில் விளக்கு என்றால் விளக்கும். மாட்டுப்பட்டு நிற்கும் நேரத்தைக் குறைப்பதில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை.

ஆனால் என் மூன்றாவது அளவுகோலில் இது தவறிவிடுகிறது. அதன் முன் வெட்கப்படத் தேவையில்லை என்பதே பலருக்கு நிம்மதி, அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் மனிதர் முன் வாய் திறக்கும் பயம் மனிதர் முன் திறந்துதான் போகும். கேட்டவுடன் முழு விடையும் வந்து விழுவதால் விரலும் ஓடாது. அது சில நேரம் பிழையானதையும் அதே உறுதியோடு சொல்லும், புதிதாகப் பழகுகிறவருக்கு அதைப் பிரித்தறிவது கஷ்டம். அறைப் பதிவு நிரலில், விடுதியில் பதினொரு மணிக்கு அறை காலியாகும் என்பதை நாம் சொல்லாவிட்டால், அதுவும் 'சமன்' குறியைப் போட்டிருக்கலாம்.

சோடியாக இருக்கும் இரண்டு பேருக்கு மூன்றாவது ஆளாக ஏஐயை வைத்தால் நன்றாக வேலை செய்கிறது. கோடைக் கேட்காமல் விளக்கத்தை மட்டும் கேட்க வேண்டும். அது சொன்னதை ஒருவர் மற்றவருக்குத் தன் சொல்லில் திருப்பிச் சொன்ன பிறகுதான் கீபோர்டில் கை வைக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | தனியே | சமமானவரோடு | மூத்தவரோடு | ஏஐயோடு |
|---|---|---|---|---|
| மாட்டுப்பட்டு நிற்பது | நீளும் | ஓரளவு குறையும் | மிகக் குறையும் | மிகக் குறையும் |
| விரல் ஓடுவது | முழுக்க | பாதி நேரம் | கீபோர்ட் உங்களிடம் இருந்தால் மட்டும் | கட்டுப்பாடு இல்லாவிட்டால் குறைவு |
| வாய் திறப்பது | இல்லை | நிறைய | முதலில் தயக்கம், பிறகு நிறைய | இல்லை |
| செலவு | குறைவு | இடம், பஸ், இருவர் நேரம் | அவருடைய நேரம், டேட்டா | டேட்டா, சில வேளை மாதக் கட்டணம் |
| தொடர்வது | பலர் விட்டுவிடுவர் | ஒருவரை ஒருவர் இழுத்து வருவர் | அவருடைய வசதியைப் பொறுத்தது | எளிது, ஆழம் போதாது |

## உங்கள் நிலைமைக்கு எது

கோட் தொடங்கி ஒரு மாதமும் ஆகவில்லை என்றால் தனியே இருங்கள். சோடிக்கு அவசரமில்லை.

கோர்ஸ் முடித்தும் வெறும் ஃபைல் பயமுறுத்துகிறது என்றால், மேலே கேள்வி கேட்ட தம்பியைப் போல, இன்னொரு கோர்ஸுக்குக் காசு கட்ட வேண்டாம். சமமான ஒருவரைத் தேடுங்கள். உங்களைவிடக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ இருந்தால் பரவாயில்லை, நேரத்துக்கு வருகிறவராக இருப்பது முக்கியம். கிழமைக்கு இரண்டு நாள், தரம் ஒன்றரை மணித்தியாலம். மற்ற நாட்களில் தனியே.

பக்கத்தில் யாருமே இல்லை, தோப்பூர், புல்மோட்டை மாதிரி டவுனிலிருந்து தூர இடம் என்றால் லைவ் ஷெயாரும் போனும் போதும். ஆனால் முதல் சந்திப்பையாவது நேரில் வையுங்கள். முகம் பழகினால்தான் போனில் "விளங்கல்ல" என்பது வாயில் வரும்.

ஆட்கள் முன் பேசவே நடுங்குகிறவர்கள் உண்டு. அவர்களைச் சோடியில் தள்ளிவிடுவது சரியில்லை. முதல் இரண்டு தரம் பக்கத்தில் இருந்து பார்க்க மட்டும் விடுங்கள், மூன்றாம் தரம் பத்து நிமிடம் கீபோர்ட் கொடுங்கள். கைநடுக்கம் போவதற்கு ஒருவருக்கு ஒரு கிழமை எடுக்கும், ஒருவருக்கு ஒரு மாதம் எடுக்கும்.

முதல் நாளுக்குப் பெரிய திட்டம் எதுவும் எடுக்காதீர்கள். வீட்டில் யாராவது கொப்பியில் எழுதுகிற ஒரு கணக்கைப் பிடியுங்கள்: அம்மாவின் சீட்டுக் கணக்கு, மாமாவின் கடைக் கடன் கொப்பி, அறை வாடகை. அந்தக் கொப்பியைக் கணினிக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, போனில் இருபது நிமிட அலாரத்தைப் போட்டுவிட்டு, குறைவாகத் தெரிந்தவரிடம் கீபோர்டைக் கொடுங்கள்.